எந்த மணியை அடிப்பது? – தில்லி நீதிமன்றங்களைப் பற்றி ஒரு பாடம்



மனுநீதிச் சோழன் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியும். கன்றைப் பறிகொடுத்த பசு அரண்மனை வாசலுக்குச் சென்று மணியை அடித்தது. மன்னன் இறங்கி வந்து கேட்டான். திருவாரூரில் ஒரே வாசல், ஒரே மணி. பசுவுக்கு வழி தெரிவதில் குழப்பம் ஏதும் இல்லை.

நாம் வாழும் தில்லியில் அப்படி அல்ல. இங்கே வாசல்கள் பல, மணிகளும் பல. தீஸ் ஹசாரியா, பாட்டியாலா ஹவுஸா, சாகேத்தா? உயர் நீதிமன்றமா, தீர்ப்பாயமா, நுகர்வோர் ஆணையமா? முப்பது ஆண்டு தில்லியில் குடியிருந்தவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும்போது கை கால் ஓடுவதில்லை. மொழி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் நாம். படி ஏறாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் நாம் ஏறாவிட்டாலும் கோர்ட்டு நம் வீட்டுப் படி ஏறி வந்துவிடலாம். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான் வக்கீல் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கோர்ட்டு கோர்ட்டாக அலைந்தவன். அந்த அலைச்சலில் கற்றதை இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. ஒரு நண்பர் வீட்டில் நடந்தது

லோதி ரோட்டில் எங்கள் பிளாக்கில் இருந்த நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றதும் அரசுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கரோல்பாகில் தம் தகப்பனார் காலத்திலிருந்து வாடகைக்கு இருந்த பழைய வீட்டுக்கே குடிபோனார். பழைய வாடகை, மாதம் சில நூறு ரூபாய்தான். ஒரு தை மாதம் பேத்திக்குக் காது குத்தக் கும்பகோணம் போனார்கள். கல்லூரிப் பரீட்சை என்று பேரன் மட்டும் வீட்டில் இருந்தான். கோர்ட்டுச் சிப்பந்தி ஒருவர் வந்தார், ஒரு காகிதத்தை நீட்டினார், பேரன் கையெழுத்துப் போட்டு வாங்கி டி.வி. மேல் வைத்தான். மறந்தும் போனான்.

இருபத்திரண்டாம் நாள் தாத்தா திரும்பி வந்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். வீட்டுக்காரர் தம் சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும் என்று போட்ட மனு. பதினைந்து நாளுக்குள் எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. ஓடிப் போய் வக்கீலைப் பார்த்தார்கள். வக்கீல் தேதியை எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சார், நீங்க ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கணும்" என்றார்.

தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-ஆம் ஆண்டினது. அதன்படி, வீட்டுக்காரரின் உண்மையான சொந்தத் தேவை என்ற காரணத்தில் வரும் மனுவுக்குத் தனி நடைமுறை உண்டு. சம்மன் கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் குடித்தனக்காரர் பிரமாணப் பத்திரத்துடன் அனுமதி கேட்க வேண்டும். கேட்கத் தவறினால் மனுவில் சொன்னதெல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொண்டு காலி செய்யும்படி உத்தரவு ஆகிவிடும். இந்தத் தாமதத்தை மன்னிக்க வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009 டிசம்பரில் பிரித்திபால் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தகைய உத்தரவுக்குப் பிறகு வீட்டைக் காலி செய்ய ஆறு மாதம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நண்பருக்கு நல்ல எதிர்வாதம் இருந்தது. வீட்டுக்காரருக்கு அதே தெருவில் வேறு வீடுகள் காலியாக இருந்தன. அதை எடுத்துச் சொல்லும் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. தோற்றது வழக்கில் அல்ல, நாட்கணக்கில். பேரனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் அதன் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் நின்றுகொண்டே படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான் என்று அவன் பாட்டி சொன்னார்.

இந்தப் பாடத்தை நான் எழுத அந்தக் காகிதமே காரணம்.

2. லாகூரிலிருந்து ஷேர்ஷா ரோடு வரை

தில்லி ஒரு காலத்தில் பஞ்சாப் மாகாணத்தின் ஒரு பகுதி. 1912-இல் தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்ட பிறகும் மேல்முறையீட்டுக்கு லாகூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. லாகூர் உயர் நீதிமன்றம் 1919-இல் ஏற்பட்டது. 1947-இல் நாடு பிரிந்தபோது லாகூர் எல்லைக்கு அப்பால் போய்விட, இந்தியப் பகுதிக்குக் கிழக்குப் பஞ்சாப் உயர் நீதிமன்றம் சிம்லாவில் அமைந்தது. 1955-இல் அது சண்டிகருக்கு இடம் மாறியது. தில்லி மக்களின் சிரமத்தைப் பார்த்து 1952-இல் அதன் சுற்று அமர்வு ஒன்று தில்லியில் தொடங்கப்பட்டது.

தில்லிக்கென்று தனி உயர் நீதிமன்றம் 1966 அக்டோபர் 31-ஆம் தேதி பிறந்தது. முதல் தலைமை நீதிபதி கே.எஸ். ஹெக்டே, கர்நாடகத்துக்காரர். அவருடன் ஐ.டி. துவா, எச்.ஆர். கன்னா, எஸ்.கே. கபூர் ஆகிய மூவர். நான்கே நீதிபதிகளுடன் தொடங்கிய அந்த நீதிமன்றம், 1971 வரை இமாசலப் பிரதேச வழக்குகளையும் சேர்த்துக் கவனித்தது. ஷேர்ஷா ரோட்டிலுள்ள இன்றைய கட்டடத்துக்கு வந்தது 1976-இல்.

மதுரை, நெல்லைப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த அலைச்சல் புரியும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கும் வரை அவர்களும் உயர் நீதிமன்றம் என்றால் சென்னைக்கு ரயிலேறியவர்கள்தாமே!

3. ஏணியின் படிகள்

நம் நாட்டு நீதிமன்ற அமைப்பு ஒரே ஏணி. அடிப்படியில் உள்ள நீதிபதி மாநிலச் சட்டத்தையும் விசாரிப்பார், மத்தியச் சட்டத்தையும் விசாரிப்பார்.

அடிப்படி: உரிமையியல் வழக்கு, அதாவது சொத்து, பணம், ஒப்பந்தம் போன்றவை என்றால் சிவில் நீதிபதி. குற்ற வழக்கு என்றால் மாஜிஸ்திரேட். தில்லியில் பல ஆண்டுகளாக 'மெட்ரோபாலிடன் மாஜிஸ்திரேட்' என்ற பெயர் இருந்தது. 2024 ஜூலை முதல் தேதி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. இப்போது முதல் வகுப்பு நீதித்துறை மாஜிஸ்திரேட் என்றே பெயர். அவர் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அவருக்கு மேலுள்ள தலைமை மாஜிஸ்திரேட் ஏழு ஆண்டு வரை விதிக்கலாம்.

இரண்டாம் படி: மாவட்ட நீதிபதி. உரிமையியல் வழக்கை விசாரிக்கும்போது இவர் மாவட்ட நீதிபதி. குற்ற வழக்கை விசாரிக்கும்போது இவரே அமர்வு நீதிபதி, பேச்சு வழக்கில் 'செஷன்ஸ் ஜட்ஜ்'. தொப்பி இரண்டு, தலை ஒன்று. கொலை போன்ற பெரிய குற்றங்கள் இவர் முன்தான் வரும். மரண தண்டனை விதிக்கவும் இவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது.

மூன்றாம் படி: உயர் நீதிமன்றம். மேல்முறையீடு, ரிட் மனு ஆகியவற்றோடு, தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. பெருந்தொகை உரிமையியல் வழக்குகளை நேரடியாக அங்கேயே தொடுக்கலாம். சென்னை, மும்பை, கொல்கத்தா நீதிமன்றங்களுக்கும் இத்தகைய அதிகாரம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. 2015-இல் வந்த திருத்தச் சட்டம் தில்லியில் இதற்கான வரம்பை 20 லட்சத்திலிருந்து 2 கோடி ரூபாய்க்கு உயர்த்தியது. ஆயிரக்கணக்கான வழக்குகள் கீழ் நீதிமன்றங்களுக்கு மாறின.

உச்சிப்படி: உச்ச நீதிமன்றம். 1950 ஜனவரி 28-இல் பாராளுமன்றக் கட்டடத்துக்குள், சிற்றரசர்கள் மன்றம் கூடிய அறையில் தொடங்கியது. திலக் மார்க்கிலுள்ள இன்றைய கட்டடத்துக்கு 1958-இல் வந்தது. தொடக்கத்தில் தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டு இடங்கள். 2019-இல் அது 34 ஆக உயர்த்தப்பட்டது.

4. எந்த வளாகம்?

கீழ் நீதிமன்றங்கள் தில்லியில் ஏழு பெரிய வளாகங்களில் நடக்கின்றன. தீஸ் ஹசாரி (1958) மூத்தது; பெயருக்கு 'முப்பதாயிரம்' என்று பொருள். இந்தியா கேட் அருகே பாட்டியாலா மகாராஜாவின் மாளிகையில் 1977 முதல் பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம். யமுனைக்கு அக்கரையில் கர்கர்டூமா (1993). பிறகு ரோகிணி (2005), துவாரகா (2008), சாகேத் (2010), ரவுஸ் அவென்யூ (2019). சி.பி.ஐ. தொடுக்கும் ஊழல் வழக்குகளும், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளும் ரவுஸ் அவென்யூவில் நடக்கின்றன.

குற்ற வழக்கில் எந்த வளாகம் என்பதைப் போலீஸ் நிலைய எல்லை தீர்மானிக்கிறது. லோதி காலனி நிலையத்து வழக்குகள் சாகேத்துக்குப் போகும். அதே லோதி ரோட்டின் மறுபுறம் துக்ளக் ரோடு நிலையத்துக்கு உட்பட்ட பகுதியில் நடந்தால் பாட்டியாலா ஹவுஸ். சாலைக்கு இப்புறம் ஒரு கோர்ட்டு, அப்புறம் ஒரு கோர்ட்டு! புகார் கொடுக்கும்போது, "இது எங்கள் எல்லை இல்லை" என்று எந்தப் போலீஸ் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. எங்கே கொடுத்தாலும் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

சம்மன் வந்தால் முதலில் மேல் வரியைப் பாருங்கள். நீதிமன்றத்தின் பெயர், நீதிபதியின் பதவி, அறை எண், வழக்கு எண், தேதி எல்லாம் அங்கே இருக்கும். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறியீடு உண்டு. ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதை இட்டால், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்பது வீட்டிலிருந்தே தெரியும். 'வக்கீல் போனை எடுக்கவில்லை' என்று தவிக்க வேண்டாம்.

5. லோதி ரோட்டிலேயே இருக்கும் மணிகள்

நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது; அதன் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அங்கேயே இருக்கிறது. இவை 2016 ஜூனில் ஏற்பட்டவை. கம்பெனி திவாலானால் வழக்கு இங்கேதான் வரும். வீடு கட்டித் தருவதாகப் பணம் வாங்கிய நிறுவனம் திவாலானால், பணம் கட்டியவர்களும் இங்கே கடன் கொடுத்தவர்களாகவே மதிக்கப்படுகிறார்கள். நொய்டாவிலும் குருகிராமிலும் முன்பணம் கட்டிக் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு முக்கியமானது மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. முதன்மை அமர்வு தில்லியில். பதவி உயர்வு, பணிமூப்பு, ஓய்வூதியம், தண்டனை உத்தரவு எல்லாம் இங்கேதான். சட்டம் படித்த உறுப்பினரும் நிர்வாக அனுபவமுள்ள உறுப்பினரும் சேர்ந்து அமர்ந்து விசாரிப்பார்கள். முன்பு இதன் தீர்ப்புக்கு மேல் உச்ச நீதிமன்றம் ஒன்றுதான் கதி. 1997 மார்ச்சில் எல். சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரத்தை எந்தச் சட்டமும் பறிக்க முடியாது என்று சொன்னது. அன்று முதல் தீர்ப்பாயத்தில் தோற்ற ஊழியர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இங்கேயும் நாட்கணக்குத்தான் முதல் எதிரி. இறுதி உத்தரவு வந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். மேலதிகாரிக்கு முறையிட்டு ஆறு மாதம் வரை பதில் வராவிட்டால், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு. நம்மவர்கள் முறையீட்டுக்கு மேல் முறையீடாக எழுதிக்கொண்டே இருப்பார்கள். "நினைவூட்டு அனுப்பியிருக்கிறேன்" என்பார்கள். நினைவூட்டால் காலக்கெடு நீளாது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 'பெரியவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று பார்த்தேன்' என்பது தகுந்த காரணம் ஆகாது.

கெட்டுப்போன குளிர்பெட்டி, ஏமாற்றிய பயண ஏற்பாட்டாளர் போன்ற வழக்குகளுக்கு நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

6. நீதிபதிகள் எப்படி வருகிறார்கள்?

கீழ்ப்படி நீதிபதிகளைத் தேர்வு செய்ய தில்லி உயர் நீதிமன்றமே பரீட்சை நடத்துகிறது. முதனிலைத் தேர்வு, எழுத்துத் தேர்வு, நேர்முகம் என்று மூன்று கட்டம். எழுத்துத் தேர்வில் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கும், இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பு உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது நீதிபதியாக ஆசைப்பட்டால், பள்ளியில் இந்தியைக் கைகழுவாமல் இருக்கட்டும். புதிதாகச் சேர்வோருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே, படித்து முடித்த கையோடு பரீட்சை என்று கணக்குப் போடாமல், நல்ல சீனியரிடம் சேர்ந்து தொழில் கற்பதே வழி.

அடிப்படியிலிருந்து உச்சி வரை போனவர்கள் உண்டா? உண்டு. 1958-இல் கேரளத்தில் முன்சீப்பாகப் பணியைத் தொடங்கிய பாத்திமா பீவி, 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். பின்னாளில் தமிழக ஆளுநராகவும் இருந்தார். 1988-இல் தமிழ்நாட்டில் மாவட்ட நீதிபதியாக நேரடியாகச் சேர்ந்த ஆர். பானுமதி, 2014 முதல் 2020 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார்.

உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பகுதியினர் கீழ் நீதிபதிகளிலிருந்தும், மறுபகுதியினர் வக்கீல்களிலிருந்தும் வருகிறார்கள். சென்னையில் 1984-இல் தொழில் தொடங்கித் தில்லிக்கு வந்த எஸ். முரளிதர், 2006 முதல் 2020 வரை தில்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். பிறகு ஒரிசாவில் தலைமை நீதிபதியானார். ஏழைகளுக்கான சட்ட உதவி பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவர் அவர். உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த தமிழர்கள் பதஞ்சலி சாஸ்திரி (1951–54), பவானிப் பக்கத்தைச் சேர்ந்த பி. சதாசிவம் (2013–14).

உயர், உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பது குடியரசுத் தலைவர். ஆனால் பெயரைச் சொல்வது யார் என்பதில்தான் நெடுநாள் இழுபறி. 1981-இல் வந்த தீர்ப்பு அரசின் கையை ஓங்கச் செய்தது. 1993-இல் வந்த தீர்ப்பு அதைத் திருப்பி, மூத்த நீதிபதிகளின் கருத்துக்கு முதன்மை கொடுத்தது. 1998-இல் அது ஐந்து மூத்த நீதிபதிகள் குழுவாக விரிந்தது. 'கொலீஜியம்' என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அது இதுதான். அதை மாற்ற 2014-இல் பாராளுமன்றம் நியமன ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று அறிவித்தது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. அரசு தேர்ந்தெடுத்தால் அரசுக்கு எதிரான வழக்கில் யார் துணிவார் என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

உயர் நீதிமன்றத்தில் 62 வயது வரை, உச்ச நீதிமன்றத்தில் 65 வரை பதவி. இடையில் நீக்குவது எளிதல்ல. பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ராமசாமி மீது 1993 மே மாதம் மக்களவையில் இத்தகைய தீர்மானம் வந்தது. ஆளும் கட்சி வாக்களிக்காமல் ஒதுங்கியதால் அது தோற்றது.

7. அமெரிக்காவில் எப்படி?

நம் குடும்பங்களில் பாதிப்பேர் வீட்டில் ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருப்பதால், இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஏணி ஒன்றல்ல. ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி ஏணி. மத்திய அரசுக்கு இன்னொரு ஏணி. மாநிலச் சட்டத்தைப் பற்றிய கேள்வியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்வதே கடைசி வார்த்தை.

நீதிபதி வரும் வழியும் ஊருக்கு ஊர் வேறு. டெக்ஸாஸில் நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நின்று மக்கள் ஓட்டில் ஜெயிக்கிறார்கள். அங்கே உச்ச நீதிமன்றமே இரண்டு: உரிமையியலுக்கு ஒன்று, குற்றவியலுக்கு ஒன்று. நியூஜெர்சியில் ஆளுநர் பெயரைச் சொல்ல, மாநில செனட் ஒப்புதல் தருகிறது. முதலில் ஏழு ஆண்டு, மீண்டும் நியமனம் ஆனால் 70 வயது வரை. மிசௌரியில் 1940 முதல், குழு ஒன்று பெயர்களைப் பொறுக்கித் தர ஆளுநர் ஒருவரை நியமிப்பார். பின்பு அவர் நீடிக்கலாமா என்று மக்கள் வாக்களிப்பார்கள். நியூயார்க்கிலோ 'சுப்ரீம் கோர்ட்' என்ற பெயர் விசாரணை நீதிமன்றத்துக்கு. அதற்கு மேலே வேறு நீதிமன்றங்கள் உண்டு!

ஓட்டுக் கேட்டு வந்த நீதிபதி, ஓட்டுப் போட்டவருக்கு வேண்டாத தீர்ப்பைச் சொல்வாரா? இது அங்குள்ளவர்களே கேட்கும் கேள்வி. மூடிய அறையில் தேர்வான நீதிபதியை மக்கள் எப்படிக் கேள்வி கேட்பது? இது நம் கேள்வி. குறையில்லாத வழி எங்கும் இல்லை என்பதே பாடம்.

8. மொழி

உயர், உச்ச நீதிமன்றங்களில் ஆங்கிலம் என்பது அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு. உயர் நீதிமன்றத்தில் வேறு மொழியையும் பயன்படுத்தக் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். தமிழுக்காகத் தமிழகச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் இணங்கவில்லை. ஆனாலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன.

கீழ் நீதிமன்றத்தில் இந்தியும் ஆங்கிலமும் புழங்கும். இந்தி தெரியாத பாட்டி சாட்சி சொல்ல நேர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. தெரிந்த மொழியிலேயே சொல்லலாம். மொழிபெயர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவானதை அவருக்குப் புரியும்படி படித்துக் காட்ட வேண்டும். தப்பாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லலாம். அரைகுறை இந்தியில் "ஹாங் ஜி" என்று தலையாட்டிவிட்டு வருவது ஆபத்து. "எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று முதலிலேயே கேளுங்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். வக்கீல், வக்காலத்து, அமீனா, தஸ்தாவேஜு, ஜாமீன், வாய்தா, முன்சீப் என்று நம் ஊர்க் கோர்ட்டில் புழங்கும் சொற்கள் பாரசீகம், அரபு வழியாக வந்தவை. தில்லிக் கோர்ட்டு வராந்தாவில் காது கொடுத்தால் வகீல், வகாலத்நாமா, அமீன், ஜமானத் என்று அதே சொற்கள் கேட்கும். நினைக்கிற அளவுக்கு அது அந்நிய வீடு அல்ல.

9. பணம் இல்லாதவருக்கு

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் அமலில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பு ஏதும் இல்லை. இலவசமாக வக்கீல் பெற உரிமை உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இதற்கு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. ஜல் விஹார், ஆர்.கே. புரம், திரிலோக்புரி என்று வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகளுக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். அவர்கள் பெண்கள் என்ற ஒரு காரணமே போதும்.

மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், இரு தரப்பும் சமாதானமாகப் போனால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகையால் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

10. சுவரில் ஒட்டிவைக்க

ஒன்று: கோர்ட்டுக் காகிதம் வந்தால் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதுங்கள்.

இரண்டு: வாடகை வழக்கில் சொந்தத் தேவை மனு என்றால் 15 நாள். சாதாரண உரிமையியல் வழக்கில் பதிலுரைக்கு 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. வணிக வழக்கு என்றால் 120 நாளுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

மூன்று: வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடாது. நீங்கள் இல்லாமலே நடக்கும்.

நான்கு: வீட்டில் வயது வந்த யார் வாங்கினாலும் நீங்கள் வாங்கியதாகவே கணக்கு. ஊருக்குப் போகும்போது, பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்வது போல, கடிதங்களைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஐந்து: வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதும் அதன் நகலையும், கொடுத்த பணத்துக்கு ரசீதையும் கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை.

மனுநீதிச் சோழன் நீதிமான்தான். ஆனால் அந்தப் பசு நேரத்தில் போய் மணியை அடித்ததால்தான் அவனுடைய நீதி வெளிப்பட்டது. நீதி செய்வது நீதிபதியின் வேலை. சரியான வாசலுக்கு, சரியான நாளில் போய்ச் சேருவது நம் வேலை.

குழந்தைகளுக்குச் சில கேள்விகள் (விடைகள் பாடத்திலேயே உள்ளன)

1. தில்லி உயர் நீதிமன்றம் ஏற்படுமுன், 1947 வரை, தில்லிக்காரர்கள் மேல்முறையீட்டுக்கு எந்த நகரத்துக்குப் போனார்கள்?

2. ஒரே நீதிபதிக்கு இரண்டு பதவிப் பெயர் வருவது எந்தப் படியில்? ஏன்?

3. நியூஜெர்சி நீதிபதிக்கும் டெக்ஸாஸ் நீதிபதிக்கும் பதவி வரும் வழியில் என்ன வேறுபாடு? உங்களுக்கு எது நல்லதாகப் படுகிறது? காரணம் எழுதுக.

4. தாத்தா ஊரில் இல்லாதபோது கோர்ட்டுக் காகிதம் வந்தால் நீ முதலில் செய்ய வேண்டியது என்ன?

நான்காம் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லிப் பாருங்கள்.